ஏழு மணி நீர்மட்டம்

கடைசியாக மனைவி ஷூலியெனை உயிரோடு பார்த்தபோது அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இன்னொரு காலிலிருந்து கழற்றிய ரப்பர் பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு கூழாங்கல். அது விழ மறுத்தது. மழை அப்போதுதான் சற்று ஓய்ந்து கூரையோரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆறு, மூங்கில் மறைவில் கண்ணுக்குத் தெரியாமல், கல் அரைக்கும் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. "இரு, உள்ளே போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துடறேன். வர்ற வரைக்கும் இறங்காதே" என்றார் தியென். "ஏழாகப் போகுது கிழவா. நீ வர்ற வரைக்கும் தண்ணி காத்துக்கிட்டிருக்குமா?" என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று நான்கு மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நினைவில் வருவதெல்லாம் அந்தக் கால்தான். சாம்பல் நிறக் காலுறை, பெருவிரல் பக்கம் கிழிந்த இடத்தில் அவளே பச்சை நூலால் போட்ட தையல். முகம் வருவதில்லை. முகம் வர வேண்டிய இடத்தில் அடையாள அட்டைக்கு எடுத்த அந்தப் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதோ மேடைத் திரையில், கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்களே, அதே படம். அதில் அவள் யாரோ ஒரு அதிகாரிக்குப் பயந்தவள்போல வாயை இறுக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் அவள் வாய் மூடி இருந்ததே கிடையாது.

கைத்தட்டல் எழுந்தது. அவரும் தட்டினார், எதற்கென்று தெரியாமலே. மாவட்டத் தலைநகரின் மக்கள் அரங்கு, நவம்பர் மாதக் காலை, வெப்பக் குழாய்கள் இன்னும் சூடேறாததால் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில், பேசப்போகும் நான்கு பேருக்கும் வெள்ளைத் துணி விரித்த மேஜை, மூடி போட்ட தேநீர்க் கோப்பை, சட்டையில் குத்திய பெரிய சிவப்புக் காகிதப் பூ. பூவின் ஊசி ஒவ்வொரு மூச்சுக்கும் தியெனின் மார்பைத் தொட்டுத் தொட்டுப் போயிற்று. ஊசியைச் சரி செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார், செய்யவில்லை. இது ஊர் ஊராக நடக்கும் வழக்கம். ஊருக்கு நல்லது செய்த சாதாரண மனிதர்களையும் பெரிய வேலை பார்த்தவர்களையும் ஒரே மேடையில் ஏற்றி அவரவர் கதையைச் சொல்லவைப்பார்கள். இறந்துபோனவராக இருந்தால் வீட்டிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். இங்கே முடிந்ததும் ஒரு வேனில் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று பதினோரு ஊர். முதலில் பேசியவர் மலைப்பள்ளி ஆசிரியர். இப்போது பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பையன், லியு, வேலை ஓய்ந்த நேரத்தில் படித்து வக்கீல் தேர்வில் தேறியவன், மேடையில் நின்று, "தெருவிளக்கின் மங்கிய வெளிச்சத்தில், பனி கொட்டும் இரவுகளில்..." என்று படித்துக்கொண்டிருந்தான். தியெனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பாலம் கட்டும் எஞ்சினியர் ரென் அம்மா, எழுபத்து நான்கு வயது, இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"தெருவிளக்காம். தேநீர் குடிக்கிறப்போ எங்கிட்டே சொன்னான், பணம் எடுக்கிற மெஷின் ரூம்ல உட்கார்ந்து படிச்சானாம். உள்ளே ஹீட்டர் போட்டிருப்பாங்களாம்."

"அப்போ தெருவிளக்கு?"

"அது நமக்கெல்லாம் தாள் எழுதிக் கொடுத்த சின்னப் பெங் ஏத்தின விளக்கு. எந்த ஊரு நீங்க?"

"ஷிதான். லோங் ஆத்தங்கரை."

"ஷிதானா? அந்தப் பாலம் நான் போட்டது."

தியென் அந்த அம்மாவை அப்போதுதான் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "அப்போ என் படகை முழுக்கினது நீங்கதான்" என்றார். "முப்பது வருஷம் அந்த இடத்துல படகு விட்டவன் நான்."

"அட! அளக்க வந்தப்போ உங்க படகுலதான் ஆத்தைக் கடந்தேன். நடு ஆத்துல வாந்தி எடுத்தேன்."

"அது நீங்களா! அந்தப் பலகையை மூணு தடவை கழுவினேன்." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் ஊசி நன்றாகவே குத்தியது.

சிரித்து முடித்ததும் தியெனுக்கு வெட்கமாக இருந்தது, பின்னால் யிங் பார்த்திருப்பாளோ என்று. மகள் ஐந்தாவது வரிசையில் இடது ஓரம் உட்கார்ந்திருந்தாள். கடற்கரைப் பக்கம் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு விடுப்பு எடுத்துக் கொடுத்ததும் ரயில் சீட்டு வாங்கிக் கொடுத்ததும் சின்னப் பெங்தான். "மகள் அரங்கில் இருந்தால் நன்றாக இருக்கும் தாத்தா" என்றாள். யிங் நேற்று மாலை நேராக விடுதிக்கு வந்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள், "கோட்டுப் பித்தானை மாத்துங்க" என்றாள், அதோடு சரி. தியென் மடியிலிருந்த நான்கு தாள்களைப் பார்த்தார். பெரிய எழுத்தில் அடித்தது. மூன்றாம் தாளின் நடுவில் அந்த வரி. பார்க்காமலே அது எங்கே இருக்கிறதென்று கட்டைவிரலுக்குத் தெரியும். 'ஜூன் முப்பதாம் தேதியோடு அவருடைய பணி முடிந்துவிட்டது. ஆனாலும் அவர் தானாகவே, யாரும் கேட்காமலே, ஒவ்வொரு நாளும் ஆற்றில் இறங்கி நீர்மட்டம் அளந்தார்.' அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குள் 'இங்கே சற்று நிறுத்தவும்'. ஒத்திகையில் அந்த இடத்தில் நிறுத்தியபோது பெருக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விளக்குமாறோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தானாகவே. சின்னப் பெங் கெட்டிக்காரி, நல்ல பெண்ணும்கூட. இரண்டு நாள் அவர் வீட்டில் தங்கி, சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். "வேலை முடிஞ்ச பிறகும் பாட்டி ஏன் போனாங்க தாத்தா?" என்று கேட்டபோது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே, "அவளுக்கு ஆறுன்னா உயிர்" என்றார். அவள் எழுதிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் அந்த வரியை எழுதியது சின்னப் பெங் அல்ல.

உயிராம். கல்யாணமாகி வந்த புதிதில் ஷூலியென் ஆற்றைப் பார்த்தாலே பயப்படுவாள். அவள் பிறந்தது மேல் மலையில். குளிக்கக்கூட வாளியில் மொண்டு வந்து கரையில் குந்திக் குளிப்பாள். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீரியல் நிலையத்திலிருந்து ஒரு ஆள் வந்தார், முழங்கால் வரை சேறு. ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் தினமும் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்த்து எழுத வேண்டும், வெள்ளம் வந்தால் அரை மணிக்கு ஒரு தடவை. பத்து நாளில் வேலையைத் தொடங்க உள்ளூர் ஆள் ஒருத்தர் வேண்டும். தியெனைத்தான் கேட்டார். எட்டு மணி என்றால் சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படகில் நெருக்கியடிக்கும் நேரம். "என் பெண்டாட்டி செய்வா" என்றார். "எண் தெரியுமா?" "நல்லாத் தெரியும்." தெரியாது. அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. ஆள் போன பிறகு ஷூலியென் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாய் இருக்குன்னு சொல்லிட்டியா? பத்து நாள்ல நான் எங்கே போய் எண் படிக்கிறது?" வீட்டிலிருந்து ஆற்றுக்கு அறுபத்து மூன்று கல் படிகள். படகுக்குப் பூசிய சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் மீதி இருந்தது. மேல் படியில் 1 என்று ஆரம்பித்து, தண்ணீரைத் தொடும் படி வரை ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். அவள் இறங்கும்போது சொல்லிக்கொண்டே இறங்குவாள், ஏறும்போது தலைகீழாக. முப்பத்தாறில் ஒரு வழுக்கல் இருந்ததால் அவளுக்கு முப்பத்தாறு மட்டும் கடைசிவரை சத்தமாகத்தான் வரும். பத்தாவது நாள் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் படித்துவிட்டாள். நிலையத்து ஆள் ஒரு பெட்டி கெட்டிப் பென்சில் கொடுத்தார். மையில் எழுதினால் மழை கரைத்துவிடும், பென்சில் கரையாது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பென்சிலின் பின்பக்க ரப்பரையும் கத்தியால் நறுக்கி எறிந்தார். "அழிக்கவே கூடாதும்மா. தப்பா எழுதினா குறுக்கே ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில பழைய எண் தெரியணும். மேலே சரியானதை எழுது. ஞாபகத்துல வெச்சுக்கிட்டு வீட்டுல வந்து எழுதாதே, நின்ன இடத்துலேயே எழுது." ஷூலியென் வாழ்க்கையில் ஒரு மனிதர் சொன்னதை அப்படியே கேட்டாள் என்றால் அந்த மனிதர்தான். தியென் சொன்னதில் பாதியைக்கூட அவள் கேட்டதில்லை. வர்ற வரைக்கும் இறங்காதே என்று சொன்னதை மட்டும் கேட்கப்போகிறாளா.

மேடையில் லியு முடித்துவிட்டான். கைத்தட்டல். இல்லை, முடிக்கவில்லை, தண்ணீர் குடிக்கிறான். இன்னும் இரண்டு தாள் இருக்கும். பாலம் திறந்த அன்று தியெனுக்கு யாரும் கடிதம் போடவில்லை. படகுத்துறை மரத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இன்று முதல் படகுச் சேவை நிறுத்தப்படுகிறது. அவர் நான்கு எழுத்தை ஐந்தாக்கி, பழைய செய்தித்தாள்களைப் பார்த்துத் தானாகப் படிக்கக் கற்றவர், அதனால் அந்தத் தாளை முழுதாகப் படிக்க முடிந்தது. படிக்கத் தெரியாமலே இருந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் படகை விட்டிருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அடுப்பருகே உட்கார்ந்தே இருந்தார். கை எதையாவது பிடித்துத் தள்ளத் தேடும், ஒன்றும் இருக்காது. காலை எட்டு மணிக்கு ஷூலியென் கயிற்றையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, "வர்றியா, சும்மா என்கூட இறங்கு" என்பாள். போகமாட்டார். வசந்தம் வந்ததும் ஒரு நாள் போனார். அதற்குப் பிறகு வெள்ளக் காலத்தில் அவளுடைய இடுப்புக் கயிற்றைப் பிடிப்பது அவர் வேலையாயிற்று. கயிற்றின் ஒரு முனையை மேட்டிலிருக்கும் கற்பூர மரத்தில் சுற்றி, மறு முனையை அவள் இடுப்பில், பின்பக்கம், படகுக்காரன் முடிச்சாகப் போடுவார். அவளுக்கு அந்த முடிச்சு போட வராது. கற்றுக்கொள்ளவும் இல்லை. "அது நீ போடுறது" என்பாள்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி தபால்காரர் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தார். மேல் கரையில் தானியங்கிக் கருவி வைத்தாகிவிட்டது, இனி ஆள் வேண்டாம், ஜூன் முப்பதோடு பணி நிறைவு, நீண்ட சேவைக்கு நன்றி. கீழே நிலையத்தின் சிவப்பு வட்ட முத்திரை. மேஜைமேல் போட்டுவிட்டு மின்சாரக் கட்டணம் என்று சொல்லியிருக்கலாம், அவளால் படிக்க முடியாது. ஆனால் முத்திரை தெரியும். அதனால் பழைய படகுச் சீட்டுத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றினார். இன்றைக்குச் சொல்லவேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். அடுப்பருகே அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அதைத் தாங்க முடியவில்லை. அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஜூலை ஒன்று வந்தது, அவள் எட்டு மணிக்கு இறங்கினாள், எண்ணை எழுதினாள், கைபேசியில் எண்ணை அமுக்கி அனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து எப்போதும்போல 'கிடைத்தது' என்று பதில் வந்தது. பதில் போடுவது இயந்திரம். அதை யாரும் நிறுத்தவில்லை. தியென் அந்தச் சின்ன மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தார். பத்தொன்பது நாள். பத்தொன்பது 'கிடைத்தது' இல்லை, பதினெட்டு. கடைசி நாள் அவள் அனுப்பவில்லை.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேனா? இந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டிய துணிபோல நின்றுவிடுகிறது. யிங்குக்கு மார்ச் மாதம் குழந்தை பிறந்தது. "அம்மாவை அனுப்புங்கப்பா" என்று வாரா வாரம் கூப்பிட்டாள். ஷூலியென் கைபேசியை வாயருகே வைத்துக் கத்துவாள், "வேலை முடியட்டும்டி, முடிஞ்ச அன்னைக்கே ரயில் ஏறிடறேன். அந்தக் கிழவன் தானே சமைச்சுக்கட்டும்." யிங் அங்கே அம்மாவுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கிவிட்டாள். ரயில் பதினாறு மணி நேரம். அந்த வீட்டில் ஒரே அறை, அவருக்கென்று இன்னொரு கட்டில் போட இடம் கிடையாது. கடிதத்தைப் படித்தபோது அவர் முதலில் நினைத்தது அடுப்பருகே உட்காரும் ஷூலியெனையா, ரயிலில் ஏறும் ஷூலியெனையா? அடுப்பருகே என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிச் சொல்லி அது உண்மைபோலவே ஆகிவருகிறது.

"உங்க தாள்ல என்ன விளக்கு ஏத்தியிருக்கா?" என்றார் ரென் அம்மா, மிட்டாய்க் காகிதத்தை மடித்தபடி. தியென் தாள்களை மடியில் கவிழ்த்து வைத்தார். "என் தாள்ல எங்க அம்மா சாவு. பாலத்தை விட்டுட்டு வர முடியாம நான் சாவுக்குக்கூடப் போகலையாம்."

"போகலையா?"

"போகலை. ஆனா பாலத்துக்காக இல்லை. அந்த வாரம் சிமென்ட் வரலை, சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் முகத்துல முழிக்கப் பயந்துக்கிட்டுப் போகலை."

"அப்போ அதைப் படிக்கப் போறீங்களா?"

"போன வருஷமே பதினோரு ஊர்ல படிச்சாச்சு. முதல் ரெண்டு ஊர்ல நாக்கு ஒட்டுச்சு. அப்புறம் பழகிடுச்சு." மிட்டாய்க் காகிதம் இப்போது சின்னச் சதுரமாகியிருந்தது. "இப்போல்லாம் படிக்கிறப்போ எனக்கே அழுகை வந்துடுது. உண்மையில என்ன நடந்ததுன்னு யோசிச்சாத்தான் ஞாபகம் வருது."

தியென் வேகமாக மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதினோரு ஊர். ஆறாவது ஊரில் ஷூலியென் தானாகவே இறங்கியிருப்பாள். எட்டாவது ஊரில் கடிதமே வந்திருக்காது. ஜூலை பத்தொன்பது காலை ஆறரை மணி அளவை எடுக்க இரண்டு பேருமாகத்தான் இறங்கினார்கள், அவர் கயிற்றைப் பிடித்திருந்தார், அவள் ஐம்பத்திரண்டாம் படியில் நின்று கம்பத்தைப் பார்த்தாள், அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர். மேலே வந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டு பூட்ஸில் புகுந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே மாட்டிய கூழாங்கல்லை உதறத் தொடங்கினாள். அவள் நடுங்குவதைப் பார்த்தார். அறுபத்து நான்கு வயது. யாருக்கும் வேண்டாத ஒரு எண்ணுக்கு. அந்த நிமிஷம்தான் அவருக்குத் தாங்கவில்லை, கடிதத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே காட்டிவிடலாம், அடிக்கட்டும், திட்டட்டும் என்று தோன்றியது. இரு என்றார். பரண் ஏணியை நிறுத்தினார். தகரப் பெட்டியின் மூடி துருவேறிப் பிடித்துக்கொண்டது. கத்தியைத் தேடினார். கத்தி வழக்கமான இடத்தில் இல்லை, அவள் முந்தின நாள் முள்ளங்கி நறுக்கிவிட்டுத் தொட்டியில் போட்டிருந்தாள். நான்கு நிமிஷம், அல்லது ஐந்து. கடிதத்தோடு வெளியே வந்தபோது கயிறு கற்பூர மரத்தடியில் அவர் சுருட்டி வைத்தபடியே இருந்தது. முடிச்சு போட ஆள் இல்லாமல், ஏழு மணி ஆகிவிட்டதென்று, அவள் அப்படியே இறங்கியிருந்தாள். அவர் மேல் படியில் நின்று கூப்பிட்டார். ஆறு மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் பாலத்துத் தூணருகே அவளைக் கண்டெடுத்தார்கள், ரென் அம்மாவின் பாலம். இடுப்பில் பிளாஸ்டிக் பைக்குள் புத்தகம் இருந்தது. ஏழு மணிக்கு நேரே 188.04 என்று எழுதியிருந்தது. நின்ற இடத்திலேயே எழுதியிருக்கிறாள்.

சவ அடக்கத்துக்கு நிலையத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இரங்கல் தாளைப் படித்தார், ஜூன் முப்பதோடு பணி முடிந்தும் என்று. யிங் தலை நிமிர்ந்தாள். கையில் குழந்தை. அவர்கள் போன பிறகு முற்றத்தில் நின்று, "முடிஞ்ச வேலைக்கு அம்மா ஏன்ப்பா போனாங்க? முடிஞ்ச அன்னைக்கே ரயில் ஏறுறேன்னாங்களே. பத்தொன்பது நாள் எங்கிட்டே பொய் சொன்னாங்களா? வர இஷ்டமில்லைன்னா சொல்லியிருக்கலாமே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் சொல்லியிருப்பார். கையில் ஊதுபத்தி எரிந்து சாம்பல் விரலில் விழுந்தது. அவர் அதை ஊதிவிட்டார். அன்றிலிருந்து யிங் அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தைக்குப் பாட்டியின் படத்தைக் காட்டுவதில்லை. இன்றைக்கு அந்த வரியை அவர் படித்தால் ஐந்நூறு பேர் கண்ணைத் துடைப்பார்கள், ஷூலியெனுக்கு ஒரு பாராட்டுப் பட்டயம் கிடைக்கும், ஐந்தாவது வரிசையில் இடது ஓரத்தில் ஒருத்திக்கு மட்டும் அம்மா இன்னொரு தடவை வராமல் போவாள். படிக்காவிட்டால் அவளுக்கு அப்பா இல்லாமல் போவார். ஒருவேளை ஷூலியெனின் பட்டயமும் போகும். தெரியாமல் செய்த வேலைக்குப் பட்டயம் உண்டா? உண்டு. அவள் இருபத்தொன்பது வருஷம் செய்தாள். அதில் பத்தொன்பது நாள்தான் அவருடையது.

இந்த முறை கைத்தட்டல் நிற்கவே இல்லை. லியு குனிந்து வணங்கினான். தியென் உள்பையில் கைவிட்டார். புத்தகத்தோடு கிடைத்த பென்சில், மூன்று விரல் நீளம், பின்பக்கம் நறுக்கியது. மூன்றாம் தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்து, 'ஆனாலும் அவர் தானாகவே' என்பதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. மேலே எழுதினார். தாள் முழங்காலில் வழுக்கியதால் எழுத்து சந்தைக் கணக்குப்போலக் கோணியது. ரென் அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கை நீட்டி அவர் மார்பிலிருந்த ஊசியைச் சரி செய்துவிட்டார்.

மேடையில் மைக் அவருக்கு உயரமாக இருந்தது. சின்னப் பெங் ஓடிவந்து இறக்கிவைத்து, "மெதுவா படிங்க தாத்தா" என்றாள். முதல் தாளையும் இரண்டாம் தாளையும் இருக்கிறபடியே படித்தார். மூன்றாம் தாளில், "ஜூன் முப்பதாம் தேதியோடு அவருடைய பணி முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது" என்று படித்தார். அதற்குமேல் தாளில் இல்லை. தாளை இறக்கினார். "கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிப்பேன். படிச்சுட்டு ஒளிச்சு வெச்சுட்டேன். வேலை போச்சுன்னா அவ சும்மா உட்கார்ந்து வருத்தப்படுவான்னு நினைச்சேன்." நிறுத்தினார். அடைப்புக்குள் எழுதியிருந்த இடம்தான். "அது மட்டும் இல்லை. வேலை முடிஞ்சா அவ மக வீட்டுக்குப் போயிடுவா. நான் தனியா இருக்கணும். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ரயில் ஏறியிருப்பா. என் மகளே, உங்க அம்மா பொய் சொல்லலை." அரங்கில் யாரும் தட்டவில்லை. எங்கோ ஒரு கோப்பையின் மூடி கோப்பைமேல் உட்காரும் சத்தம் கேட்டது. வெப்பக் குழாய் டக் டக்கென்று சூடேற ஆரம்பித்தது. ஐந்தாவது வரிசையில் யிங் எழுந்து, தோளில் போட்டிருந்த கோட்டு கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல், பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

பூவைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மதியம் அடுத்த ஊருக்குக் கிளம்பிய வேனில் அவருக்கு இடம் வைக்கவில்லை. சின்னப் பெங் அழுதிருந்தாள், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அரங்குக்குப் பின்னால் சைக்கிள் கொட்டகையில் யிங் நின்றிருந்தாள். அவர் அவளுடைய கோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?"

"இருபத்தேழு நாள்."

"அந்தக் கட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காம நிக்குது" என்றாள். பிறகு கையை நீட்டி, "கடிதம் எங்கே?" என்றாள். அவர் உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே நின்று படித்தாள், இரண்டு தடவை. மடித்துத் தன் பையில் வைத்தாள். "இதை உங்ககிட்டே திருப்பித் தரமாட்டேன்" என்றாள். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவருக்குக் காத்திராமல் முன்னால் நடந்தாள். ஆனால் ஷிதான் போகும் பேருந்து வந்தபோது அவளும் ஏறினாள், அவருக்கு முன்னால் நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ஆற்றுக்கு இறங்கினாள். தியென் மேலேயே கற்பூர மரத்தடியில் நின்றார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. யிங் எண்ணிக்கொண்டே இறங்குவது கேட்டது. முப்பத்தாறைச் சத்தமாகச் சொன்னாள், சின்ன வயதில் அம்மாவோடு இறங்கிய பழக்கம். அதற்கப்புறம் ஐந்து எண்தான் கேட்டது. கீழே இருந்த இருபத்திரண்டு படிகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நாற்பத்தொன்று இருக்கின்றன. கடைசிப் படியில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய 41 இன்னும் படிக்கும்படி இருக்கிறது.